சாதாரண ரசிகருக்குப் புரியாது

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு உலகத்தில் வேறு யாருக்கும் வாய்க்காத ஒரு வசதி உண்டு. அவள் பேசும்போது எதிரில் இருப்பவர்களால் பதில் பேச முடியாது. ஊசி போட்டு வாய் மரத்துப்போய், ஒரு பக்கக் கன்னத்தை எங்கேயோ மறந்து வைத்துவிட்டவர்கள்போல அவர்கள் சுவரோரம் காத்திருப்பார்கள். எண்ணைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவள் வேலை. அதனால் மருத்துவர் முதல் மருந்து விற்பவர் வரை எல்லாருக்கும் அவள் டோக்கன். இரண்டு எண்களுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில், சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வாள்.

"ஒரு சண்டைப் படம் பாத்தேன். பத்துப் பதினஞ்சு பேரைப் போட்டு அடிக்கிறான், சட்டையில ஒரு பட்டன் தெறிக்கலை. எனக்கு அந்தக் கதாநாயகனை விட அவனோட தையல்காரரைத்தான் பிடிச்சுது. கடைசி வரைக்கும் அவரைக் காட்டவே இல்லை."

மரத்த வாய்கள் "ம்ம்" என்றன.

"அதுக்கு முந்தி ஒரு பேய்ப் படம். பாவம், பேய் அதும்பாட்டுக்கு மாடியில கிடக்கு. வாடகைக்கு வந்தவங்கதான் கதவைத் திறந்து திறந்து 'யாரு, யாரு'ன்னு கேட்டு உசிரை வாங்கறாங்க. நானா இருந்தாலும் கத்தத்தான் செய்வேன்."

அவளுடைய அபிப்பிராயங்களில் பாதி தப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொலைகாரன் யார் என்று தெரியாமலேயே ஒரு துப்பறியும் படத்தை ரசித்துவிட்டு வந்திருக்கிறாள். இரட்டையர்களாக நடித்தது ஒரே ஆள்தான் என்பது வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. ஆனால் பிடித்ததா, பிடிக்கவில்லையா என்பதில் மட்டும் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

முன்பெல்லாம் இந்தப் பேச்சுக்கு மரத்துப்போகாத வாய் ஒன்று அவளுக்கு ஜோடியாக இருந்தது. அது அவளுடைய அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்து வெளியே வரும்போது, அதில் அக்காவாக வந்தவள் எதற்கெடுத்தாலும் மூக்கை நுழைக்கிறாள் என்று டோக்கன் சொன்னாள்.

"யாரைச் சொல்றே?" என்றாள் அக்கா.

"படத்துல வர்றவளை."

"படத்துல வர்றவளைச் சொல்றப்போ என் முகத்தை ஏன் பாக்கறே?"

பேருந்து நிறுத்தம் வருவதற்குள் பேச்சு படத்தை விட்டுக் கிளம்பி, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் அதிக நாள் கூட இருந்தது என்ற இடத்துக்குப் போய்விட்டது. ஆளுக்கொரு பேருந்தில் ஏறினார்கள். அதற்குப் பிறகு ஐந்தாறு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. இருவரும் இன்னமும் அதே திரையரங்குக்குத்தான் போகிறார்கள். ஒருத்தி மதியக் காட்சி, இன்னொருத்தி மாலைக் காட்சி.

இந்த நிலையில்தான் பொதுத் திரைப்பட ரசனைக் கழகத்தின் செயலாளர் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். ஊசி போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, டோக்கனின் பேச்சு முழுவதையும் கண் கொட்டாமல் கேட்டார். பேச முடியாததால், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்: "நீங்கள் மிகவும் சாதாரணமானவர். நாளைக் காலை எங்கள் அலுவலகத்துக்கு வரவும்."

அவள் இதைத் திட்டு என்று எடுத்துக்கொள்வதா, வேலை என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல், விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஊரிலுள்ள திரையரங்குகளுக்கு எந்தப் படம் வருவதானாலும் முதலில் இந்தக் கழகத்தைத் தாண்டி வர வேண்டும். வெட்டுவதற்கு வேறு அலுவலகம் இருக்கிறது, இவர்கள் ரசிப்பார்கள். ரசிக்கும் குழுவில் அறிஞர்களோடு ஒரு சாதாரண ரசிகரும் இருந்தே தீர வேண்டும் என்பது விதி. முந்தைய சாதாரண ரசிகர் இறந்து இரண்டு வருஷமாகிவிட்டது. ஆனாலும் அவர் ரசிப்பதை நிறுத்தவில்லை. அவருடைய கையெழுத்தை ரப்பர் முத்திரையாகச் செய்து வைத்திருந்தார்கள். இறந்தவர் எப்படிச் சிரிக்கிறார், எப்படி அழுகிறார் என்று ஒரு பத்திரிகை கேட்டுவிட்டதால்தான் இப்போது உயிருள்ள ஆளைத் தேடினார்கள்.

நேர்காணலில் தலைவரும் செயலாளரும் பயிற்சி அதிகாரியும் இருந்தார்கள்.

"எப்பவாவது ஒரு படத்தைப் பத்தி யோசிச்சிருக்கீங்களா?" பயிற்சி அதிகாரி, குடும்பத்தில் யாருக்காவது காசநோய் உண்டா என்று விசாரிப்பதுபோல் கேட்டார்.

"பஸ்ல வர்றப்போ கொஞ்சம் யோசிப்பேன்."

"எதுவரைக்கும்?"

"இறங்கற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் சமையல் இருக்கே சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்கள்.

அன்றே பயிற்சி தொடங்கியது. சாதாரண ரசிகருக்கு மொத்தம் நான்கு அபிப்பிராயங்கள். முதல் பாதி விறுவிறுப்பு. இரண்டாம் பாதி இழுவை. பாடல்கள் பலம். குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கலாம். பயிற்சி அதிகாரி இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள்.

"பாட்டே இல்லாத படமா இருந்தா, சார்?"

"பாட்டு இருந்திருந்தால் பலமாக இருந்திருக்கும்."

"சின்னப் படம், இடைவேளையே கிடையாது. அதுக்கு?"

"எல்லாப் படத்துக்கும் இரண்டாம் பாதி உண்டு அம்மா. எட்டு நிமிஷப் படத்துக்கு அஞ்சாவது நிமிஷத்திலிருந்து இழுவை."

"எனக்கு இழுவையாத் தோணலைன்னா?"

பயிற்சி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களுக்குத் தோணறது உங்க சொந்த விஷயம். அதுல நாங்க தலையிட மாட்டோம். இங்கே அதைக் கொண்டு வராம இருந்தா போதும்."

படம் பார்க்கும் கூடத்தில் அறிஞர்களுக்குச் சிவப்பு மெத்தை நாற்காலிகள். சாதாரண ரசிகருக்குக் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சாதாரணத் தன்மை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டையாக வைக்கப்பட்டிருந்தது. விளக்கு அணைவதற்கு முன் அவள் கையில் ஒரு பொரிப் பொட்டலம் கொடுப்பார்கள். கதையின் முக்கியமான கட்டங்களில் அவள் அதைக் கறுக்முறுக்கென்று கொறிக்க வேண்டும். மக்களோடு உட்கார்ந்து பார்க்கிற உணர்வு அறிஞர்களுக்கு அப்போதுதான் வருமாம்.

முதல் வாரத்தில் பெரிய இயக்குநர் ஒருவரின் படம். ஒருவர் கடற்கரையில் நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். டோக்கன் பொரியைத் தின்று முடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். விழித்தபோதும் அவர் நடந்துகொண்டிருந்தார். விளக்கு எரிந்ததும் அறிஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவரு செருப்பைத் தொலைச்சுட்டாரா சார்?" என்றாள் டோக்கன்.

"பாடல்கள் பலம்" என்று செயலாளர் அவள் சார்பில் சொல்லிவிட்டார். படம் ஏற்கப்பட்டது.

மாதத்தின் கடைசி நாளில்தான் அந்தப் படம் வந்தது. படத்தின் பெயரே அவளுக்கு நினைவில்லை; அவள் அதை மாடிப்படிப் படம் என்றுதான் சொல்வாள். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் தங்கை, மேல்தளத்தில் அக்கா. பேச்சில்லை. மேலே நடக்கும் காலடிச் சத்தத்தை வைத்தே அக்கா எழுந்தாளா, சாப்பிட்டாளா, படுத்தாளா என்று தங்கைக்குத் தெரியும். ஒருநாள் காலையில் சத்தமே இல்லை. மதியமும் இல்லை. தங்கை கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் படியேறுகிறாள். பாதிப் படியில் நிற்கிறாள். மேலே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறாள். படம் முடிந்தது.

டோக்கனின் பொரி மடியில் அப்படியே இருந்தது. அக்காவிடம் போய்ச் சொல்லத் தெரியாமல் இத்தனை வருஷம் அவள் தொண்டையில் வைத்திருந்ததை யாரோ முன்பின் தெரியாதவர்கள் எடுத்துத் திரையில் போட்டுவிட்டார்கள். இது மட்டும் திரையரங்குக்கு வந்துவிட்டால் போதும். மாலைக் காட்சிக்கு அக்கா கட்டாயம் வருவாள். அவள் எந்தப் படத்தைத்தான் விட்டாள்.

தலைவர் எழுந்து நின்றார். அவர் வீட்டில் உப்பு கேட்பதானாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார் என்று செயலாளரே சொல்லியிருக்கிறார்.

"அன்பர்களே! ஏறத் தொடங்கியவர் ஏன் இறங்கினார்? ஏறுவது முன்னேற்றம். இறங்குவது பின்னடைவு. இந்தப் படம் சமூகத்தைப் பாதிப் படியில் நிறுத்திவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. எனக்குப் புரிகிறது. எனக்குப் புரியாத படம் இந்தக் கழகத்தின் வரலாற்றிலேயே இல்லை. அப்படி ஒன்று வரும்போதெல்லாம் அது சாதாரண ரசிகருக்குப் புரியாது என்று எழுதி, மக்களைக் காப்பாற்றி வந்திருக்கிறோம். இதையும் அப்படியே எழுதுங்கள்."

செயலாளர் கையொப்பத்துக்காகப் பலகையோடு டோக்கனிடம் வந்தார்.

"எனக்குப் புரிஞ்சுது சார்" என்றாள் அவள்.

"உங்களுக்குப் புரிஞ்சிருக்கலாம். சாதாரண ரசிகருக்குப் புரியாதுங்கறதுதான் விஷயம்."

"நான்தானே சார் சாதாரண ரசிகர்?"

"நீங்க அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்க. சாதாரண ரசிகர்ங்கறது வேற. அவரை யாரும் பாத்தது கிடையாது."

"யாரும் பாக்காதவருக்குப் புரியலைன்னு உங்களுக்கு எப்படிச் சார் தெரிஞ்சுது?"

"நாங்க இருபது வருஷமா அவர் சார்பாத்தானே பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் செயலாளர், இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் தலைவரின் காதில் குனிந்தார். ஆனால் அவருடைய காதோர ரகசியங்கள் கடைசி வரிசைவரை கேட்கும். "மாசக் கடைசி சார். ஆட்சேபம் பதிவாகாம சாயங்கால மணி அடிச்சுட்டா படம் ஏத்துக்கிட்டதா ஆயிடும். கவலைப்படாதீங்க. நாற்காலி காலியா இருந்தா பழைய முத்திரையைப் போடலாம்னு விதி இருக்கு. எப்படியும் மணிக்குள்ள ஒரு தடவை எழுந்திருப்பாங்கல்ல? எழுந்ததும் குத்திடறேன்."

டோக்கன் நாற்காலியின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டாள்.

தேநீர் வந்தது, வெளியே வராந்தாவில் வைத்தார்கள். அவள் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து அழைப்பு என்றார்கள். "வாய் மரத்தவங்க காத்திருப்பாங்க, அவங்களால கேள்வி கேட்க முடியாது" என்றாள். பயிற்சி அதிகாரி பக்கத்தில் வந்து, முந்தைய சாதாரண ரசிகர் எவ்வளவு ஒத்துழைப்பு கொடுத்தார் என்று உருகினார். "இருபது வருஷம், ஒரு தடவைகூட அவர் திரையைப் பாத்ததில்லை அம்மா. எங்க முகத்தைத்தான் பாப்பார்."

"அதான் செத்தும் வேலை பாக்கறாரு."

தலைவர் தாமே கடைசி வரிசைக்கு இறங்கி வந்தார். "தாயே! உங்கள் சொந்த ரசனைக்காகப் பொது ரசனையைப் பணயம் வைக்கலாமா?"

"நீங்க உங்க இடத்துல உட்காருங்க சார். நான் என் இடத்துல உட்கார்ந்திருக்கேன். யாரும் யார் இடத்தையும் கேக்க வேண்டாம்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவளுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறதே. டோக்கன் கால்மேல் கால் போட்டாள். மாற்றிப் போட்டாள். செயலாளர் இதைக் கவனித்துவிட்டார். மேசையிலிருந்து தண்ணீர்க் கூஜாவை எடுத்து, ஒரு குவளையில் மிக மெதுவாக, மிக உயரத்திலிருந்து ஊற்றினார். குடித்தார். மறுபடி ஊற்றினார்.

"கழிப்பறை இடது பக்கம்" என்றார் அன்பாக.

"எழுந்தா முத்திரை குத்துவீங்க."

"விதி அம்மா. பழையவருக்கு அடிக்கடி போக வேண்டியிருந்ததால ஒரு சலுகை உண்டு. இன்னொரு சாதாரண ரசிகர் வந்து உட்கார்ந்தா, நாற்காலி காலின்னு ஆகாது. உங்களுக்குத்தான் அப்படி யாரும் இல்லையே."

சொன்ன பிறகுதான் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. பல் சிகிச்சைக்குப் பிறகு கடிக்க முடியவில்லை.

டோக்கன் கைபேசியை எடுத்தாள். அந்த எண்ணை அவள் அழிக்கவும் இல்லை, அழைக்கவும் இல்லை. இப்போது யோசிக்க நேரமில்லை. மானம் ஒரு பக்கம், அடிவயிறு ஒரு பக்கம் இழுக்க, அடிவயிறு வென்றது.

"அக்கா."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"அக்கா, உடனே கிளம்பி வா. ஒரு நாற்காலியில உட்காரணும்."

"எதுக்கு?"

"நான் பாத்ரூம் போகணும்."

அக்காவின் குரல், ஐந்தாறு வருஷத்தில் ஒரு சுருதிகூட இறங்காமல் வந்தது. "எந்தக் கட்டடம்?"

அக்கா ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவள். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்துவிட்டாள். வாசலிலேயே செயலாளர் மறித்தார்.

"நீங்க சாதாரண ரசிகர்தானா?"

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"கடைசியா என்ன படம் பாத்தீங்க?"

"போன வாரம் ஒரு விண்வெளிப் படம். அவ்ளோ பெரிய ராக்கெட்ல போறாங்க, ஒருத்தன்கூட வீட்டுக்குப் பேசலை. எங்க கடை டெலிவரிப் பையனே போய்ச் சேர்ந்தா ஒரு போன் அடிக்கிறான்."

செயலாளருக்கு வேறு வழியில்லை. அக்கா நேராகக் கடைசி வரிசைக்கு வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல், "எழுந்திரு" என்றாள். ஒருத்தி நழுவ, அதே கணத்தில் இன்னொருத்தி உட்கார, நாற்காலி காலியாக இருந்ததாக யாராலும் சொல்ல முடியவில்லை. முத்திரையோடு நீண்ட செயலாளரின் கை காற்றிலேயே நின்றது.

டோக்கன் திரும்பி வந்தபோது கூடத்தில் விளக்கு அணைந்திருந்தது. பார்க்காத படத்துக்கு அபிப்பிராயம் சொல்ல நான் என்ன அதிகாரியா என்று அக்கா கேட்டிருக்கிறாள். மாடிப்படிப் படம் மறுபடி ஓடியது. டோக்கன் சுவரோரம் நின்று திரையைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்தாள். காலடிச் சத்தம் நின்ற இடத்தில் அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றினாள். குழாய்ச் சத்தம் கேட்டபோது சுற்றுவதை நிறுத்தினாள்.

விளக்கு எரிந்தது. செயலாளர் பலகையோடு பாய்ந்து வந்தார். "புரியலைதானே அம்மா? இங்கே ஒரு கையெழுத்து."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. "அவ மேல ஏறியிருக்கணும்" என்றாள்.

"எதுக்கு ஏறணும்?" என்றாள் டோக்கன். "தண்ணி விழற சத்தம் கேட்டுடுச்சே. நல்லாத்தான் இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும்னு இறங்கிட்டா."

"போதும்னு இவளே முடிவு பண்ணிப்பாளா? மேல இருக்கறவ எதுக்குக் குழாயைத் திறந்தான்னு நினைக்கிறே?"

"முகம் கழுவ."

"முகம் கழுவவா! மத்தியானம் வரைக்கும் கழுவாதவ, இவ படியில வந்து நின்ன அந்த நிமிஷத்துலதான் கழுவுவாளா? காலடிச் சத்தம் கீழே இருக்கறவளுக்கு மட்டுந்தான் கேக்குமா, மேல இருக்கறவளுக்குக் கேக்காதா? வந்துட்டான்னு தெரிஞ்சுதான் திறந்தா. உள்ள வாடீன்னு வாயைத் திறந்து கூப்பிட வரலை. குழாயைத்தான் திறக்க வந்துச்சு."

டோக்கனுக்கு இது தோன்றவே இல்லை. தோன்றாததை ஒப்புக்கொள்ளும் வழக்கமும் அவளுக்கு இல்லை. "கூப்பிட வரலைன்னா அது யார் தப்பு? வாய் இருக்குல்ல? அதென்ன, எப்பவும் தங்கச்சிக்காரிதான் வந்து நிக்கணும், எப்பவும் தங்கச்சிக்காரிதான் சத்தத்தை வெச்சுப் புரிஞ்சுக்கணும்?"

"நீ எங்கேடி வந்து நின்னே? பாதியில இறங்கிப் போனவதானே."

"நானா? பஸ்ல முதல்ல ஏறினது யாரு?"

"ஆஸ்பத்திரிக்கு முதல்ல வந்தது யாரு?"

தலைவர் இரு கைகளையும் உயர்த்தினார். "அமைதி! அமைதி! சாதாரண ரசிகர்கள் இருவரும் தெளிவற்ற நிலையில் இருப்பது இதிலிருந்து தெளிவாகிறது. குழப்பம் விளைவிக்கும் படம். புரியவில்லை என்றே பதிவு செய்யுங்கள்."

அக்கா சட்டென்று திரும்பினாள். தங்கையோடு சண்டை போடும்போது வெளியாள் குறுக்கே வருவதை அவள் எந்தக் காலத்திலும் பொறுத்ததில்லை.

"யாருக்குப் புரியலை?"

"சாதாரண ரசிகருக்கு."

"நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திதான் தொண்டை வத்தக் கத்திக்கிட்டிருக்கோம். புரியாததுக்கு யாராவது இப்படிச் சண்டை போடுவாங்களா? உங்களுக்குப் புரியலைன்னா உங்க பேரைப் போட்டு எழுதுங்க. எங்க பேர்ல எழுதாதீங்க."

செயலாளர் பலகையைப் பார்த்தார். இருபது வருஷத்தில் முதல்முறையாக அதைத் தலைவர் பக்கம் திருப்பினார். தலைவர் பேனாவைத் திறந்தார். 'தலைவருக்குப் புரியவில்லை' என்று எழுதுவதற்கு ஒரே ஒரு வரிதான் வேண்டும். மூடினார். மறுபடி திறந்தார். அறிஞர்கள் கூரையில் ஏதோ சுவையான வேலைப்பாடு இருப்பதுபோல அண்ணாந்து பார்த்தார்கள். அப்போது மாலை மணி அடித்தது.

மணிச் சத்தம் ஓய்ந்தபோது மாடிப்படிப் படம் ஊரிலுள்ள திரையரங்குகளுக்குப் போகத் தகுதி பெற்றுவிட்டிருந்தது. தலைவர் எழுந்து, மக்களின் ரசனையைத் தாம் எப்போதும் மதித்து வந்திருப்பதாகச் சுருக்கமாக ஒரு உரை ஆற்றினார். யாரும் கேட்கவில்லை. அலுவலகம் மூடுகிறது, எழுந்திருங்கள் என்று செயலாளர் இரண்டு முறை சொன்னார்.

"கொஞ்சம் நகரு" என்றாள் டோக்கன்.

அக்கா நகர்ந்தாள். ஒரு கால் குட்டையான நாற்காலியில் இருவரும் ஆளுக்குப் பாதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

"அந்தக் குழாய் இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லு" என்றாள் அக்கா. "யார் சொல்றது சரின்னு பாத்துடலாம்."

"அதுக்கு அனுமதி கிடையாது" என்றார் செயலாளர்.

மேலே சின்ன ஜன்னலுக்குப் பின்னால் படம் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவருடைய அபிப்பிராயத்தை அந்தக் கட்டடத்தில் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் விளக்கை அணைத்தார்.